'இர்ரெகுலர்' என்றால் குற்றமா?

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக மலரில் இத்தனை பக்கமா என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாற்பது வருஷமாக மும்பையில் துணி வியாபாரம் செய்கிறவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவனில்லை. இருந்தாலும் நம்மவர்கள் பேங்க் கடிதம், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதையாவது எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, "நயினார், இதுல என்ன எழுதியிருக்கான், கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுவது உண்டு. அப்படி நான் பார்த்த காகிதங்களில் நம்மவர்களை அதிகம் கலங்கடித்த சொல் 'இர்ரெகுலர்'. அகராதியைப் புரட்டினால் ஒழுங்கற்ற, முறையற்ற, சீரற்ற, முறைகேடான என்று நாலைந்து பொருள் கிடைக்கும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை அகராதி சொல்லாது.

லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேராக இருக்கும் கோல். கோடு போடும் ரூலர், சட்டமாகிய ரூல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இல்லை என்று மறுக்கும் 'இன்' முன்னால் சேர்ந்தபோது, அடுத்து வரும் ரகரத்தால் 'இர்' என்று திரிந்தது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிறதே, அந்த மாதிரி. ஆக, கோலுக்கு ஒத்துவராதது என்பதே அதன் அடிப்படைப் பொருள். கோணல் இருக்கிறதா என்று கோல் காட்டும்; வேண்டுமென்றே கோணலாக்கினார்களா என்று காட்டாது. நம் தமிழிலோ கோல் என்றாலே செங்கோல், கொடுங்கோல் என்று நீதியும் அநீதியும் கூடவே வந்துவிடுகின்றன. நம் காதுக்கு இந்தச் சொல் வசவாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை முதலில் சந்திப்பது 'இர்ரெகுலர் வெர்ப்' என்ற பாடத்தில். 'கோ' என்பது 'வெண்ட்' ஆகும், 'கோட்' ஆகாது. இதில் யார் மேலே குற்றம்? ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான இரு, செய், சொல், போ, வா எல்லாமே இந்த வகைதான். நமக்கும் சாவு என்றால் செத்தான், காண் என்றால் கண்டான்.

என் தொழிலில் இன்னொரு விதம். அமெரிக்காவுக்குப் போகும் ஆயத்த ஆடையில் தையல் ஓரிடத்தில் லேசாக விலகியிருந்தால் 'ஸ்லைட்லி இர்ரெகுலர்' என்று சீட்டு ஒட்டி விலை குறைத்து விற்பார்கள். உடுத்தத் தடையில்லை. வாங்குகிறவன் தெரிந்தே வாங்குகிறான்.

பேங்க் விஷயத்துக்கு வருவோம். பாத்திரக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவருக்கு, அவருடைய கேஷ் கிரெடிட் கணக்கு 'இர்ரெகுலர்' ஆக இருக்கிறது என்று கடிதம் வந்தது. காலேஜில் படிக்கும் மகன், "கணக்குல முறைகேடுன்னு போட்டிருக்குப்பா" என்று சொல்லிவிட்டான். மனிதர் ஆடிப்போய்விட்டார். பேங்க் பக்கம் போகவே கூச்சப்பட்டு மூன்று வாரம் கடிதத்தை மேஜைக்குள் வைத்திருந்தார். என்னிடம் வந்தபோது, "நான் யாரையும் ஏமாத்தலியே நயினார்" என்றுதான் ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். கேஷ் கிரெடிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பது கையிருப்புச் சரக்கைப் பொறுத்தது. அதற்காக ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறோம். அதை வைத்து ட்ராயிங் பவர் கணக்கிடுகிறார்கள். அந்த ஸ்டேட்மெண்ட் மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால், அதன் பேரில் நிற்கும் பாக்கியை 'இர்ரெகுலர்' என்று கருத வேண்டும் என்பது ரிசர்வ் பேங்கின் விதி. வீட்டில் உடம்பு சரியில்லாத அலைச்சலில் அவர் நாலு மாதமாக ஸ்டேட்மெண்ட் கொடுக்கவில்லை. திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை. ஆனால் அந்த நிலையிலேயே பணம் எடுப்பது தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அவர் பயந்து உட்கார்ந்திருந்த மூன்று வாரமும் அந்த 90 நாளில் கழிந்த நாட்கள்தான். மறுநாளே ஸ்டேட்மெண்ட் கொடுத்தார், கணக்கு நேரானது. மகன் 'முறை தவறியிருக்கு' என்று படித்திருந்தால், எந்த முறை, எப்படிச் சரிசெய்வது என்று அன்றைக்கே கேட்டிருப்பார்.

நீதிமன்றங்களில் இந்த வேறுபாடு ஆளின் சோற்றையே தீர்மானிக்கிறது. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசாங்கத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. முறையான போட்டி இல்லாமல் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கக் கேட்க உரிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில், 'இல்லீகல்' நியமனம் வேறு, 'இர்ரெகுலர்' நியமனம் வேறு என்றும் பிரித்தது. அனுமதிக்கப்பட்ட காலியிடம், உரிய தகுதி இரண்டும் இருந்து, கோர்ட் உத்தரவின் தயவில்லாமல் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களின் இர்ரெகுலர் நியமனத்தை ஒரே ஒரு முறை பரிசீலித்து நிரந்தரமாக்கலாம் என்றது. இரண்டையும் 'முறைகேடான நியமனம்' என்று தமிழில் எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு என்ன மிஞ்சும்?

முஸ்லிம் திருமணச் சட்டத்திலும் இப்படியே. செல்லவே செல்லாத திருமணம் ஒன்று. சரிசெய்யக்கூடிய குறையுள்ள 'இர்ரெகுலர்' திருமணம் இன்னொன்று. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், இர்ரெகுலர் திருமணத்தில் பிறந்த மகனுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளையின் பங்கு ஒரு பெயரடையில் நின்றது!

இந்த நடுநிலை தமிழுக்குப் புதிதல்ல என்பதே என் வாதம். நன்னூல் செய்த பவணந்தியார் எங்கள் சமண முனிவர் என்பதால் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே தொல்காப்பியத்தில் அந்த வழி இருக்கிறது. சரியாக இருப்பது வழாநிலை, தவறுவது வழு, தவறினாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பெண் குழந்தையை அம்மா "வாடா ராஜா" என்று கொஞ்சினால் அது பால் வழு. ஆனால் அன்பு என்ற காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்கிறோம். சரி, தப்பு என்ற இரண்டு பெட்டிக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்தார்கள் நம் இலக்கணக்காரர்கள். கோர்ட்டில் சொல்லும் 'இர்ரெகுலர்' பல இடங்களில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 'முறை பிசகிய' என்று நான் எழுதிக்கொடுப்பது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதே சொல் பெயராகி, பன்மையில் 'ஃபைனான்ஷியல் இர்ரெகுலாரிட்டீஸ்' என்று பேப்பரில் வந்தால் அங்கே மெத்தனம் கூடாது. பணம் கையாடப்பட்டதாகச் சந்தேகம், நிரூபணம் இன்னும் ஆகவில்லை என்பதை அநேகமாக அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். வித்தீய அனியமிததா என்று இந்திப் பேப்பர்கள் எழுதுவதும் இதையே. அங்கே 'முறைகேடு' பொருத்தமான தமிழ்தான்.

கடைசியாக ஆஸ்பத்திரிச் சீட்டு. நாடித்துடிப்பு 'இர்ரெகுலர்' என்று எழுதுவதிலும் டாக்டர்கள் இரண்டு விதம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்தது முந்திக்கொண்டு வருவதுபோல, தவறுவதிலும் ஒரு தாளம் இருந்தால் 'ரெகுலர்லி இர்ரெகுலர்'. தாளமே பிடிபடாவிட்டால் 'இர்ரெகுலர்லி இர்ரெகுலர்'. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டாவது, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற கோளாறின் அடையாளமாக இருக்கக்கூடும். அதில் இருதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும், ரத்தக்கட்டு உண்டாகாமல் தடுக்க மருந்தும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் சீட்டில் இந்தச் சொல் இரண்டு தரம் அடுத்தடுத்து வந்திருந்தால், கைதவறி இரண்டு முறை எழுதிவிட்டார் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள்.