மனாட்டிகளுக்கும் உண்டு வருகைப் பதிவேடு!

ஃப்ளோரிடாவில் குளிர் வாட்டும் நாளெல்லாம் ப்ளூ ஸ்பிரிங் பூங்காவில் திருவிழாதான்! செயின்ட் ஜான்ஸ் ஆறு சில்லிட்டதும், அதன் கலங்கல் தண்ணீரிலிருந்து மனாட்டிகள் என்னும் கடற்பசுக்கள் கண்ணாடிபோலத் தெளிந்த ஊற்று ஓடைக்குள் நுழைகின்றன. மூன்று மீட்டர் நீளம், நானூறு ஐந்நூறு கிலோ எடை, துளியும் அவசரமில்லாத நீச்சல். நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்குச் சொந்தக்காரர்கள். வால் மட்டும் வட்டத் துடுப்புமாதிரி இருக்கும்.

இத்தனை பெரிய உடம்பு குளிர் தாங்காது என்றால் நம்ப முடிகிறதா? தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. 20 டிகிரிக்குக் கீழே போன தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் நோய்வாய்ப்பட்டுச் செத்தே போகும். ஊற்றுத் தண்ணீரோ வருடம் முழுக்க 22 டிகிரி! அதனால்தான் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை இந்த ஓடையில் நீச்சலும் படகும் மனிதர்களுக்குக் கிடையாது. என்னைக் கேட்டால், இதைவிட நல்ல விருந்தோம்பல் இல்லை.

இந்தத் தடைக்கு விதிவிலக்கு, கணக்கெடுக்கப் போகும் சிறு துடுப்புப்படகு. வெய்ன் ஹார்ட்லி என்ற முன்னாள் பூங்காக் காவலர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப் போய்த் தலைகளை எண்ணியவர். எண்ணுவதோடு விட்டாரா? யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லியே குறித்துக்கொள்வார்! அடையாளம் முதுகிலும் வாலிலும் உள்ள தழும்புகள். வாலில் பிறை வடிவில் ஒரு துண்டு போயிருக்கும். முதுகில் சீப்பால் இழுத்ததுபோல் வரிசையாக வெள்ளைக் கோடுகள். பெரும்பாலும் மோட்டார் படகின் விசிறி கிழித்தவை. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கமும் நாம் செய்த காயம் என்பது நெஞ்சை அறுக்கிறது. ஆனால் அந்தக் காயத்தோடும் வருடா வருடம் அதே ஊற்றுக்கு வந்துசேர்கிறார்களே! அதில் ஹௌவி என்றொருவன், ஆராய்ச்சிப் படகைக் கண்டால் அதோடு விளையாடாமல் விடமாட்டானாம்.

1970-களில் இங்கே சில டஜன் மனாட்டிகளே ஒதுங்கின. 2024 ஜனவரி 21 அன்று எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 932!

எல்லா இடத்திலும் இப்படிக் குதூகலம் இல்லை. கிழக்குக் கரையின் இந்தியன் ரிவர் காயலில் கழிவும் உரமும் கலந்து பாசி மண்டியது. வெயில் அடிவரை இறங்காமல் கடற்புல் அழிந்தது. 2021-இல் மட்டும் மாநிலம் முழுக்க 1,100 மனாட்டிகள் இறந்தன. அந்தக் காயலில் பட்டினிதான் பெரிய எமன். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் கேப் கனாவெரல் அருகே, மின்நிலையத்தின் வெந்நீர் விழும் இடத்தில், அதிகாரிகளே லெட்டூஸ் கீரை போட்டார்கள். சுமார் 90 டன்! பொதுமக்கள் போட்டால் குற்றம். மனிதக் கைக்குப் பழகினால் படகை நோக்கியே வந்துவிடும் என்ற பயம்.

மீட்கப்பட்டு, சிகிச்சை முடிந்து தண்ணீருக்குத் திரும்பும் சில மனாட்டிகளுக்கு ஒரு பிரியாவிடைப் பரிசும் உண்டு. வாலடியில் ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் மிதக்கும் டிரான்ஸ்மிட்டர். எங்காவது சிக்கிக்கொண்டால் தானே அறுந்து விடுவிக்கும்படி செய்திருக்கிறார்கள். இதை யோசித்தவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு!

ப்ளூ ஸ்பிரிங்கில் தண்ணீருக்கு மேலேயும் உள்ளேயும் நேரலைக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு என்றால் நமக்கு மாலை ஆறரை. டீயைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். தழும்பை வைத்து ஒருவரையாவது அடுத்த நாளும் அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறீர்களா, பார்க்கலாம்!