விளையாட்டுக் கணினி: பகுதித் தெரிவும் கோளாறு நீக்கமும்

விளையாட்டுக் கணினி என்பது முப்பரிமாண நிகழ்பட விளையாட்டுகளைத் தடையின்றி இயக்கும் பொருட்டு, கூடுதல் திறனுடைய வரைகலை அட்டை, செயலி, குளிர்விப்பு ஆகியவற்றுடன் அமைக்கப்படும் மேசைக் கணினி ஆகும். இதன் பகுதிகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். 1981 இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியின் திறந்த கட்டமைப்பும், 1995 இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் சீர்தரமும் இதற்கு வழிவகுத்தன. பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதைச் சீர்தரம் உறுதி செய்கிறது. ஆனால் அவை நீடித்து உழைப்பது, கணினி இயங்கும் ஊரின் மின்சாரம், வெப்பம், காற்று ஆகியவற்றையும் பொறுத்ததாகும். கடலூர், சிதம்பரம் ஆகிய நகரங்களின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது.

கடலூர், சிதம்பரம் பகுதியின் சூழல்

கடலூர் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ளது. சிதம்பரம் அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட சமவெளியில், கடலிலிருந்து சற்று உள்ளே உள்ளது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. காற்றில் ஈரப்பதமும் மிகுதி. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்களில் நெடுநாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தது. 2015 இன் வடகிழக்குப் பருவமழையில் மாவட்டத்தின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இத்தகைய இடத்தில் செயலியின் வேகத்திற்கு அளிக்கும் கவனத்தை மின்வழங்கிக்கும் நிலத்தொடர்புக்கும் அளிப்பது இன்றியமையாதது.

பகுதிகளைத் தெரிவு செய்தல்

எந்த விளையாட்டுகளை, எந்தத் திரைத் துல்லியத்தில் இயக்குவது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட திரைக்கு நடுத்தர வரைகலை அட்டை போதுமானது. 3840 × 2160 திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு ஆவதால், அட்டையின் வேலையும் அதற்கேற்பப் பெருகும்.

* வரைகலை அட்டை: விளையாட்டுத் திறனைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே. செலவின் பெரும்பகுதி இதற்கு ஒதுக்கப்படுகிறது. பெட்டியினுள் அடங்கும் நீளமா என்பதையும் பார்க்க வேண்டும்.
* செயலியும் தாய்ப்பலகையும்: மதர்போர்டு எனப் பரவலாக அறியப்படும் தாய்ப்பலகையின் சாக்கெட் செயலியுடன் பொருந்த வேண்டும். சாக்கெட் பொருந்தினாலும், பலகையிலுள்ள பழைய பயாஸ் பதிப்பு புதிய செயலியை அறியாமற் போகலாம்.
* நினைவகம்: டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டுகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. 16 ஜிகாபைட் தேவையெனில் ஒரே 16 ஐ விட இரண்டு 8 கள் இருவழியாகத் தரவைக் கடத்துவதால் விரைவாக இயங்கும்.
* சேமிப்பகம்: இயங்குதளமும் விளையாட்டுகளும் எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டில் இருத்தல் நன்று.
* பெட்டி: முன்புறம் வலை அமைப்பும் தூசு வடிகட்டியும் உடைய பெட்டி, முழுக் கண்ணாடி முகப்புடையதை விட வெப்பமான ஊர்களுக்கு ஏற்றது.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் எனக் கடைகளில் அழைக்கப்படும் மின்வழங்கி, 230 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. பெட்டியுடன் சேர்த்து மலிவாகத் தரப்படும் மின்வழங்கிகளில், மேலே அச்சிடப்பட்ட வாட்டு அளவை உண்மையில் தர இயலாதவை உண்டு. இவற்றில் மிகைமின்னோட்டக் காப்பும் குறுக்குச்சுற்றுக் காப்பும் இல்லாதிருக்கலாம். அத்தகைய ஒன்று பழுதாகும்போது, தான் மட்டும் அழியாமல் தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் சேர்த்து அழிக்கக்கூடும்.

தேவையான அளவைப் பின்வருமாறு கணக்கிடலாம். ரைசன் 5 7600 செயலி உச்ச அளவில் 88 வாட்டும், 2023 இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 4060 வரைகலை அட்டை 115 வாட்டும் எடுத்துக்கொள்ளும். ஏனைய பகுதிகளுக்கு 60 வாட்டு எனக் கொண்டால் மொத்தம் 263 வாட்டு. கணநேர ஏற்றங்களுக்கு இடம்விட்டு, இதற்கு 550 வாட்டு மின்வழங்கி தெரிவு செய்யப்படுகிறது.

யூபிஎஸ் தெரிவில் வோல்ட்டு-ஆம்பியர் அளவும் வாட்டு அளவும் வேறு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மேற்கண்ட கணினி, 85 விழுக்காடு திறனுடைய மின்வழங்கியின் வழியாக ஏறத்தாழ 310 வாட்டு இழுக்கும். திரையையும் சேர்த்தால் 340 வாட்டு ஆகலாம். 600 வோல்ட்டு-ஆம்பியர் யூபிஎஸ் பொதுவாக 360 வாட்டு அளவிலேயே நின்றுவிடும். எனவே 1000 வோல்ட்டு-ஆம்பியர் வகை பொருத்தமானது. வீட்டு இன்வெர்ட்டர்களில் மின்மாற்றம் நிகழ எடுக்கும் நேரம் கூடுதலாக இருந்தால் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும். ஏனெனில் மின்தடையின்போது நல்ல மின்வழங்கியே முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிநொடிகள் மட்டுமே தாக்குப்பிடிக்கும்.

நிலத்தொடர்பு

எர்த் எனப்படும் நிலத்தொடர்பு இல்லாத இணைப்பில் கணினிப்பெட்டியைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு ஏற்படும். இது பலரும் கருதுவதுபோல் புதிய பகுதியின் பழுது அன்று. மின்வழங்கியின் இரைச்சல் வடிகட்டியில் மின்தொடரிலிருந்தும் நடுநிலைக் கம்பியிலிருந்தும் பெட்டிக்கு இரு சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டுள்ளன. நிலத்தொடர்பு அறுந்திருந்தால் பெட்டியின் மின்னழுத்தம் 230 இல் பாதியாகிய 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறிது. ஆயினும் உள்ளே காப்பு சிதைந்து மின்தொடர் பெட்டியைத் தொடுமாயின், தொடுபவரின் உயிருக்கே ஆபத்து நேரும்.

கடற்கரை மண்ணில் உப்பு இருப்பதால் எர்த் குழாயும் அதனுடன் கம்பி சேரும் இடமும் விரைவில் அரிக்கப்படுகின்றன. சுவரில் மூன்று துளைகள் இருப்பது நிலத்தொடர்புக்குச் சான்றாகாது. மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கையில், மின்தொடருக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நடுநிலைக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகளுக்குள்ளும் இருத்தல் வேண்டும். மூன்றாம் முனையை முறித்துவிட்டுப் பயன்படுத்துதல் கூடாது.

கோளாறு கண்டறிதல்

புதிதாகப் பொருத்திய கணினி இயங்கவில்லையெனில், பகுதி பழுதென முடிவு செய்வதற்கு முன் இணைப்புகளைச் சரிபார்ப்பதே முறை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும் மின்செருகியை நீக்க வேண்டும்.

1. எவ்வித அசைவும் இல்லை: மின்வழங்கியின் பின்புற ஆளி, 24 முனை இணைப்பு, பெட்டியின் தொடக்கப் பொத்தான் கம்பி ஆகியவற்றைப் பார்க்கவும். தாய்ப்பலகையின் அடியில் தேவையற்ற இடத்தில் ஒரு திருகுத்தாங்கி இருந்தாலும் குறுக்குச்சுற்று ஏற்படும். பலகையை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, ஒரு நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றுடன் மட்டும் இயக்கிப் பார்ப்பது இதனைத் தெளிவாக்கும்.
2. விசிறி சுழல்கிறது, படம் இல்லை: செயலிக்கான 8 முனை இணைப்பு விடுபட்டிருக்கலாம். நினைவகம் முழுமையாக அழுத்தப்படாதிருக்கலாம். திரையின் வடம் வரைகலை அட்டையில் அன்றித் தாய்ப்பலகையில் செருகப்பட்டிருக்கலாம். டிடிஆர்5 நினைவகம் முதன்முறை தன்னைச் சீரமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கருமையாகவே இருக்கும். இதனை அறியாமல் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி இயக்கினால் சீரமைப்பு முடிவுறாது.
3. விளையாட்டு நடுவே நின்றுவிடுகிறது: முதலில் வேகம் குறைந்து பின்னர் நின்றால் வெப்பம் காரணமாகலாம். வெப்ப உறிஞ்சியின் அடியிலுள்ள ஒட்டுத்தாள் அகற்றப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். எச்சரிக்கையின்றி உடனே அணைந்தால் மின்வழங்கியையோ யூபிஎஸ்ஸின் அளவையோ ஐயுறலாம்.
4. படம் வருகிறது, விளையாட்டு மெதுவாக உள்ளது: திரை வடம் தாய்ப்பலகையில் இருந்தால் செயலியின் உள்ளமை வரைகலையே இயங்கும்.

வெப்பமும் உப்புக்காற்றும்

விசிறி, பகுதிகளை அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது. 25 பாகை அறையில் 70 பாகையில் இயங்கும் செயலி, 40 பாகை அறையில் ஏறத்தாழ 85 பாகையை எட்டும். ஆதலால் குளிரூட்டிய அறையில் செய்த சோதனைகளின் முடிவுகளை மே மாதக் கடலூருக்கு அப்படியே பொருத்த இயலாது.

ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது உப்புத்துகள் நீரை ஈர்த்துக் கரைசலாகி, உலோக முனைகளை அரிக்கிறது. இயங்கும் கணினியின் உட்புறம் வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்குவது குறைவு; மழைக்காலத்தில் நெடுநாள் அணைத்து வைப்பதே அரிப்புக்கு இடமளிக்கும். நினைவக முனைகளை அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் மெல்லிய பொன்முலாமை நீக்கிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு துடைப்பதே நன்று. புயல் எச்சரிக்கையின்போது மின்செருகி, வலையமைப்பு வடம் இரண்டையும் நீக்கி, பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

விலைச்சீட்டும் உத்தரவாதமும்

இப்பகுதியினர் பலர் சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பகுதிகளை வாங்குகின்றனர். பழுதான ஒரு பகுதியை மாற்றச் சிதம்பரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய நேரிடும் என்பதால், ஒவ்வொரு பகுதியின் தொடரெண்ணும் குறிக்கப்பட்ட வரிச்சீட்டைப் பெறுவது முதன்மையானது. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, பொருள் வாங்கிய இடம் எதுவாயினும் நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில் முறையிடலாம். சென்னையில் வாங்கிய சிதம்பரம் மாணவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட இச்சட்டம் இடமளிக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும்.