ஒரு பத்திக்கு 100 டாலர்!
அண்ணன் கைவிட்ட தங்கையின் வேடிக்கைப் பேனா

அரை டாலர்! 1851-ம் ஆண்டில் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று ஒரு கட்டுரைக்குக் கொடுத்த சன்மானம் இதுதான். வாங்கிக்கொண்ட பெண்மணிக்கு 40 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலோ சாப்பாட்டுக்கே தாளம்!

அவர் பெயர் சாரா வில்லிஸ். "பானி பெர்ன்" என்ற புனைபெயரில் அமெரிக்காவையே சிரிக்க வைத்தவர் அவர்தான். "பெர்ன்" என்றால் பெரணிச் செடி.

1811-ல் போர்ட்லண்டு நகரில் பிறந்த சாராவுக்கு முதல் விவாகம் இன்பமாகவே இருந்தது. ஆனால் தாயும் மூத்த மகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1846-ல் கணவரும் போய்விட்டார். மிஞ்சியவை கடனும் இரண்டு பெண் குழந்தைகளும். தந்தையும் மாமனாரும் அளந்து அளந்து கொடுத்தார்கள். மறுமணம் செய்துகொண்டார், அது நரகமாயிற்று. 1851-ல் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். துணி தைத்தார், வாரத்துக்கு 75 சென்ட் கூடத் தேறவில்லை. மூத்தவளைத் தாத்தா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

அண்ணன் செய்த உபகாரம்!

சாராவின் அண்ணன் நதானியேல் வில்லிஸ், நியூயார்க்கில் பெயர் பெற்ற பத்திரிகாசிரியர். தங்கை தன் எழுத்தை அனுப்பி உதவி கேட்டார். "உன் வேடிக்கை கொச்சையாக இருக்கிறது, இங்கே விலைபோகாது" என்ற பாணியில் பதில் வந்தது!

விலைபோனது. பாஸ்டன் பத்திரிகைகளில் வந்ததை மற்றப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. அண்ணன் பத்திரிகையிலேயே துணை ஆசிரியர் ஜேம்ஸ் பார்ட்டன், எழுதுவது யார் என்று தெரியாமலே அவற்றை வெளியிட்டார்! அண்ணன் தடுத்தார். பார்ட்டன் வேலையை உதறினார். 1856-ல் அவரையே சாரா மணந்தார். பார்ட்டன் 11 வயது இளையவர். விவாகத்துக்கு முன்பே, தன் சம்பாத்தியம் தனக்கும் தன் குழந்தைகளுக்கும்தான் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார். சூடு கண்ட பூனையல்லவா!

அண்ணனுக்குப் பதிலும் கிடைத்தது. "ரூத் ஹால்" என்ற நாவலில், விதவைத் தங்கையைக் கைவிடும் பகட்டுக்கார அண்ணன் ஒருவன் வருகிறான். அவன் யார் என்று ஊருக்கே புரிந்துபோயிற்று.

1855-ல் "நியூயார்க் லெட்ஜர்" அதிபர் ராபர்ட் பானர், தொடர்கதை ஒன்றுக்குப் பத்திக்கு 25 டாலர் தருவதாகச் சொன்னார். சாரா மறுத்தார். 50? 75? ஊஹூம்! 100-ல்தான் சம்மதம் வந்தது. அன்று அமெரிக்காவில் வேறு எந்தப் பத்தி எழுத்தாளரும் வாங்காத தொகை அது.

கால்சட்டை அணிந்த அம்மாள்

1858-ல் ஆண் உடை அணிந்ததற்காக ஒரு பெண் கைது செய்யப்பட்டாள். இந்த அம்மாள் என்ன செய்தார், தெரியுமா? மழை இரவில் கணவரின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, அவரோடேயே உலாவக் கிளம்பிவிட்டார்! தெருச் சேற்றைக் கூட்டிப் பெருக்கும் நீளப் பாவாடையிலிருந்து ஒரு நாள் விடுதலை. அந்தச் சட்டத்தைக் கிண்டல் செய்து கட்டுரையும் எழுதினார்.

1856 முதல் வாரம் தவறாமல் "லெட்ஜ"ரில் எழுதினார். 1872 அக்டோபர் 10-ல் புற்றுநோயால் இறந்தார். கடைசிக் கட்டுரை அதன் பிறகே வெளிவந்தது. கல்லறைக் கல்லில் வில்லிஸ் குடும்பப் பெயர் இல்லை. கணவர்கள் பெயரும் இல்லை. பெரணி இலைகளும் "பானி பெர்ன்" என்ற பெயரும் மட்டுமே இருக்கின்றன.