உள் ஒப்பந்தம்: பொறுப்பு யாருடையது?

கிராமத்திற்குச் சாலை போடப்படுகிறது. பலகையில் எழுதியுள்ள ஒப்பந்தக்காரர் ஒருவர். களத்தில் நின்று வேலை வாங்குபவர் வேறொருவர். ஜல்லி ஏற்றிவந்த டிராக்டருக்கு வாடகை கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். இத்தகைய இடங்களில் யார் யாருக்குப் பொறுப்பு என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர் மூல ஒப்பந்தக்காரர். அவர் தாம் ஏற்ற வேலையில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைப்பதே உள் ஒப்பந்தமாகும். சிறுபாலம் கட்டுவதில் தேர்ந்தவர் ஒருவர். தார் போடும் இயந்திரம் உடையவர் மற்றொருவர். ஆகவே இம்முறை தன்னளவில் தவறானதன்று. ஒருவரது தனித் திறமையை நம்பிக் கொடுத்த வேலை நீங்கலாக, மற்றவற்றைத் தகுதியுடைய பிறரைக் கொண்டு முடிக்க 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், அரசு வேலைகளில் உடன்படிக்கையின் நிபந்தனைகள் இதற்கு வரம்பு கட்டுகின்றன.

சாலை வேலையில் உள்ள விதி

2000 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மாதிரி ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்து மூலம் அனுமதி பெற்று, ஒப்பந்தத் தொகையில் 25 சதவீதம் வரை உள் ஒப்பந்தம் விடலாம். கூலியாட்களை அமர்த்தவும், உரிய தரமுள்ள பொருள்களை வாங்கவும் இவ்வனுமதி தேவையில்லை. உள் ஒப்பந்தம் விட்டதனால் மூல ஒப்பந்தக்காரரின் கடமை சிறிதும் குறைவதில்லை. சாலை முடிந்த பின் 5 ஆண்டுப் பராமரிப்பும் அவரைச் சேர்ந்ததே.

இவ்வரம்பு ஏன்? ஒரு கணக்குப் பார்ப்போம். ரூ.40 லட்சம் வேலையில் விதிப்படி ரூ.10 லட்சம் வரை உள் ஒப்பந்தம் விடலாம். விதியை மீறி, ஒருவர் ரூ.6 லட்சத்தை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் கைமாற்றுகிறார், அவரும் ரூ.4 லட்சத்தை எடுத்துக்கொண்டு மூன்றாமவருக்கு விடுகிறார் என வைத்துக்கொள்வோம். ரூ.40 லட்சம் பெறும் சாலையை ரூ.30 லட்சத்தில் முடிக்க வேண்டியவர் எதைக் குறைப்பார்? ஜல்லியின் கனத்தையும், தாரின் அளவையும், ஆட்களின் கூலியையும்தான்!

உழவரும் தொழிலாளரும்

வண்டியோ இயந்திரமோ வாடகைக்குக் கொடுக்கும் உழவருக்கு அரசுடன் நேர் உடன்படிக்கை இல்லை. தம்மை அமர்த்தியவரிடமே அவர் பணம் கேட்க இயலும். ஆதலால் வாடகை விகிதம், நடைக் கணக்கு, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்வது நலம்.

கூலி வேலை செய்வோரின் நிலை வேறு. ஒப்பந்தக்காரர் கூலி கொடாவிடில், வேலையை ஒப்படைத்த நிறுவனமே அதைக் கொடுத்து அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்கு இவ்விதி இடம்பெற்றுள்ளது.

ஊராட்சியின் கடமை

வேலை தொடங்கும்போதே உள் ஒப்பந்தம் உண்டா, எப்பகுதிக்கு, அனுமதி பெறப்பட்டதா என்று பொறியாளரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். விடையைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் நன்று. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வேலையைப் பார்வையிடவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. சாலை பெயர்ந்த பின் ஆளைத் தேடுவதைவிட, ஜல்லி பரப்பும் நாளிலேயே கேட்பது ஊருக்கு நன்மை தரும்.