எட்டாம் வரிசையில் இரண்டாம் ராணி

இராமநாதபுரத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, மணல்வெளியையும் பாம்பன் கடலையும் கடந்து இராமேஸ்வரத்தை அடைந்தபின்னரே யாத்திரிகனின் பிரயாணம் பூர்த்தியாவதுபோல, பின்வாங்கும் உரிமையே அற்றுக் கட்டம் கட்டமாக முன்னேறும் சதுரங்கக் காலாளின் யாத்திரையும் எட்டாம் வரிசையில்தான் பலிதமாகிறது. அங்கே அது ராணி, யானை, மந்திரி, குதிரை ஆகியவற்றுள் ஆடுபவர் விரும்பும் ஒன்றாக மாறியே தீரவேண்டும். பழைய ராணி பலகையில் இருக்கும்போதே இரண்டாம் ராணியைப் பெறுவதற்கும் தடையில்லை. எட்டுக் காலாட்களும் கரைசேருமாயின், ஒருவரிடம் 9 ராணிகள் இருப்பதும் சாத்தியமே.

நம் தேசத்துப் பழைய ஆட்டமுறையிலோ, காலாள் எந்தக் காய்க்குரிய கட்டத்தை எய்தியதோ அந்தக் காயாகவே மாறும் நியதி பல இடங்களில் வழங்கிற்று. இந்திய முறையில் பயின்ற மீர் சுல்தான் கான், மேனாட்டு விதிகளைப் பின்னர் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றமை நமக்கெல்லாம் பெருமை.

கூடுதல் ராணி கைவசம் இல்லாதபோது யானையைத் தலைகீழாக வைப்பது வீட்டுப் பழக்கம். பந்தயத்திலோ அது யானையாகவே கொள்ளப்படும். 2017-இல் கனடா சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் அவ்வாறு செய்த நிக்கோலாய் நோரிட்சின், நடுவர் தீர்ப்பால் ராணியை இழந்து தோல்வியுற்றார்.

ஆதலால், இக்கடற்கரையின் இளம் ஆட்டக்காரர்களே, அத்தருணத்தில் பதறாமல் கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் ராணியைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.