அப்பீல் எங்கே, எத்தனை நாளுக்குள்: குற்ற வழக்கில் மேல்முறையீட்டின் எல்லைகள்

குற்ற வழக்கில் தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட முடியாது. சட்டம் வழிவிட்டிருந்தால்தான் அப்பீல் உண்டு. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தில் அதுவே 413-ஆம் பிரிவு. எண்கள் மாறினவே தவிர, அப்பீல் விதிகளின் சாரம் பெரும்பாலும் பழையதுதான்.

சங்கரன்கோவில் நடுவர் நீதிமன்றம் தண்டனை விதித்தால் அப்பீல் போவது அமர்வு நீதிமன்றத்துக்கு. நேரே மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வழியில்லை. கொலை போன்ற வழக்குகளை அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தாலோ, எந்த நீதிமன்றமானாலும் ஏழாண்டுக்கு மேல் சிறை விதித்தாலோ உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கு அது 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றத்தில் உரிமையாக அப்பீல் கேட்பது மிகச் சிலருக்கே வாய்க்கும். கீழே விடுதலையானவரை உயர் நீதிமன்றம் குற்றவாளியாக்கி மரணம், ஆயுள், அல்லது பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை விதித்திருந்தால் அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் அரசியலமைப்பின் 136-ஆம் பிரிவில் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்த நீதிமன்றத்தின் விருப்பம்.

அடுத்தது நாள் கணக்கு. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அமர்வு நீதிமன்றத்தில் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 60 நாள். மரண தண்டனைக்கு மட்டும் உயர் நீதிமன்றத்திலும் 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. நகலில் குத்தியிருக்கும் முத்திரையில் மனுப் போட்ட தேதி, கட்டணம் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் எழுதியிருக்கும். அந்தத் தேதிகள்தான் பின்னால் சாட்சி. நகல் தயாரான பிறகும் போய் வாங்காமல் விட்ட நாள்களைக் கழிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கெடு தாண்டிவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும்.

அப்பீலே இல்லாத தீர்ப்புகளும் உண்டு. முதல் வகுப்பு நடுவர் நூறு ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்தால் அப்பீல் கிடையாது. அதைவிட ஆபத்தானது, குற்றத்தை ஒப்புக்கொள்வது. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிரு, அலைச்சல் மிச்சம்" என்று கோர்ட் வாசலில் சொல்லப்படும் யோசனை பலரையும் இழுக்கிறது. ஒப்புக்கொண்டவர் அதன்பின் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் பற்றித்தான் அப்பீலில் பேசலாம். குற்றமே செய்யவில்லை என்று வாதிடும் கதவு மூடிவிடும். தீர்ப்போ பதிவில் நிற்கும். அரசு வேலைக்கு நன்னடத்தை விசாரணை வரும்போதுதான் அது தலைதூக்கும். ஐந்நூறு ரூபாயோடு முடிந்த வழக்கு என்று நினைத்திருக்கும் இளைஞருக்கு இதை முன்பே எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை.

எல்லைக்கோடு மேல் நீதிமன்றத்துக்கும் சேர்த்தே கிழிக்கப்பட்டிருக்கிறது. தண்டிக்கப்பட்டவர் தாமாகப் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டக் கூடாது. இல்லாவிட்டால் அப்பீல் போகவே ஜனங்கள் அஞ்சுவார்கள். மதுரைக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கில் இது 2025-இல் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்திலிருந்து விசாரணை நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, வேறு குற்றங்களுக்கு மட்டும் தண்டித்திருந்தது. அவர் அப்பீல் போனபோது, உயர் நீதிமன்றம் தானாகவே சீராய்வு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரம்) எடுத்து, தூண்டிய குற்றத்துக்கும் தண்டனை விதித்தது. அரசோ பாதிக்கப்பட்ட தரப்போ அதைக் கேட்டு அப்பீல் போடவில்லை. உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் தண்டனையை ரத்து செய்தது. தண்டனை போதாது என்று அரசுத் தரப்பு தனியே அப்பீல் போட்டால் கதை வேறு. அப்போதும் குற்றவாளிக்குப் பேச வாய்ப்புத் தந்தாக வேண்டும், அவர் விடுதலையே கேட்கவும் செய்யலாம்.

பாதிக்கப்பட்டவருக்கு அப்பீல் உரிமை 2009 டிசம்பர் 31 முதல்தான் வந்தது. எதிரி விடுதலையானால், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டால், இழப்பீடு போதாதிருந்தால் அவர் அப்பீல் போகலாம். தண்டனை குறைவு என்ற குறைக்கு மட்டும் இடமில்லை. அதற்கு அரசுதான் முன்வர வேண்டும். விடுதலையை எதிர்த்துச் சிலர் பழக்கத்தில் சீராய்வு மனு போடுவார்கள். சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்றும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே கிடையாது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. கதவு மாறித் தட்டினால் ஆண்டுகள் வீணாகும்.

சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊரில் நூலுக்கும் துணிக்கும் கொடுத்த செக் திரும்பி வருவது புதிதல்ல. செக் வழக்கில் எதிரி விடுதலையானால் முன்பெல்லாம் உயர் நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்டாக வேண்டியிருந்தது. செக் வாங்கி ஏமாந்தவரும் பாதிக்கப்பட்டவரே, அனுமதி இல்லாமல் அப்பீல் போகலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். செக் கொடுத்துத் தண்டனை பெற்றவர் அப்பீல் போனால், அபராதம் அல்லது இழப்பீட்டில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்ல அப்பீல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பணத்துக்கும் ஏற்பாடு வேண்டும்.

அப்பீலுக்கு மட்டுமல்ல, சீராய்வுக்கும் எல்லை உண்டு: வழக்கு நடக்கும்போதே பிறக்கும் இடைக்கால உத்தரவுகளை எதிர்த்து அது செல்லாது.

அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது. நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை என்றால், அப்பீல் போட அவகாசம் தந்து, மறுக்கத் தனிக் காரணம் இல்லாவிட்டால், தண்டித்த நீதிமன்றமே ஜாமீனில் விட வேண்டும். முதல் வகுப்பு நடுவர் மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. ஆகவே அங்கே தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாளன்றே இதைக் கேட்க வேண்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசம். பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருப்பவர், அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் பொறுப்பு. காவலில் இருப்போர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம்.