எடுத்தவர் கண்ணும் பார்ப்பவர் கண்ணும்

சென்ற நோன்பு விடுமுறையில் என் மூத்தம்மா பன்பாய் இழைப்பதை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தேன். எல்லாமே எனக்கு அழகாகத் தெரிந்தன. ஒன்றைத் தோழியிடம் காட்டி, "முதலில் என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"கொடியில காயிற சிவப்புத் துவாய்" என்றாள்.

அன்றுதான் என் படங்களை நானே விமர்சிக்கப் பழக வேண்டும் என்று உணர்ந்தேன்.

நமது படத்தின் குறை நமக்கு ஏன் தெரிவதில்லை? 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், ஒளியியல் பற்றிய தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் பார்வையை விளக்குகிறார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைகிறது. ஆனால் பார்ப்பது அத்தோடு முடிவதில்லை. முன்பு அறிந்தவற்றையும் சேர்த்தே மனம் முடிவு செய்கிறது. மூத்தம்மாவின் படத்தைப் பார்க்கும்போது பன்னின் வாசமும் அவர் மெதுவாக ஓதும் ஸலவாத்தும் எனக்குச் சேர்ந்தே வருகின்றன. மற்றவருக்கு அவை கிடையாது. படத்துக்குள் இருப்பது மட்டுமே அவருக்கு உண்டு. ஆகவே, நினைவைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்ப்பதே சுயவிமர்சனம்.

அதற்குச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, எடுத்த அன்றே நல்ல படத்தைத் தெரிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். எடுத்தபோது இருந்த மகிழ்ச்சி தணிந்த பின் பாருங்கள்.

இரண்டாவது, படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஆள் யார் என்பது பின்னுக்குப் போய், ஒளியும் நிழலும் நிறமும் முன்னுக்கு வரும். பிரகாசமான இடத்துக்கும் அழுத்தமான நிறத்துக்கும் கண் விரைவில் ஓடும். நீங்கள் காட்ட விரும்பியது அங்கே இருக்கிறதா?

மூன்றாவது, நான்கு ஓரங்களையும் பாருங்கள். வெட்டுப்பட்ட விரல்களும், தலையிலிருந்து முளைத்தது போன்ற தூணும் அப்போது அகப்படும்.

நான்காவது, "நல்லாயில்லை" என்பதோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள். பல படங்களில் மூத்தம்மாவின் கை கலங்கியிருந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் கெமரா ஒளியைச் சேர்க்க அதிக நேரம் எடுக்கும். அதற்குள் கை அசைந்துவிடும். வாசலருகே பாயைப் போட்டிருந்தால் போதும். காரணம் தெரிந்த பிழைதான் அடுத்த படத்துக்குப் பாடமாகும்.

இத்தனையும் பார்த்த பிறகு ஒரேயொரு படம் மிஞ்சியது. ஒளியும் விரல்களும் சரியாக அமைந்த படம். ஆனால் மூத்தம்மாவின் முக்காடு நழுவியிருந்தது. அவரிடமே காட்டினேன்.

"இத வெளியில காட்ட வேணாம் மகள்" என்றார்.

அழித்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அவரது கண்பார்வை மங்கி வருகிறது. இனி எத்தனை பாய் இழைப்பாரோ தெரியாது. ஆனாலும் படத்தில் இருப்பவருக்குச் சம்மதமா என்பதும் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு 'இல்லை' என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அது நல்ல படமல்ல.

அடுத்த விடுமுறையில் பாயை வாசலருகே போட்டேன். துவாயை எடுத்து மடித்து வைத்தேன். மூத்தம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். பத்துப் படங்கள் எடுத்து, ஒரு வாரம் கழித்து ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அதே தோழியிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது யார்ர கை?"